மாமியாரிடம் சொல்லக்கூடிய பெயர்

எங்கள் மையத்துக்கு போர்டு மாட்டிய நாளிலிருந்து ஒரே கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். "பேரைப் பார்த்தா என்ன இடம்னே தெரியலையே, ஏன் இப்படி வச்சீங்க?" உறவினர்கள் கேட்டார்கள், கூடப் படித்தவர்கள் கேட்டார்கள், தெருமுனை மருந்துக்கடை அண்ணாச்சியும் கேட்டுவிட்டார். எல்லோரும் நல்லெண்ணத்தில் கேட்பவர்கள்தான். ஒரு தொழிலைத் தொடங்கினால் அது என்ன தொழில் என்று பெயரைப் பார்த்ததும் தெரிய வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படி மாறியது என்பதை வாசலில் நின்றபடி இரண்டு வாக்கியத்தில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி தருகிறவள். என் தோழி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பட்டன் போடுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யக் குழந்தைகளைப் பழக்குகிறவள். இருவரும் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் பல வருடம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குழந்தைகளுக்கான தெரபி மையம் தொடங்கினோம். ஊஞ்சல், பாய், சுவர்க் கண்ணாடி, விளையாட்டுச் சாமான் என்று வாங்க வேண்டியதற்கெல்லாம் கணக்கு போட்டாயிற்று. வீட்டு ஓனரிடம் பேசி கக்கூஸ் கதவைக்கூட மாற்றியாயிற்று. பெயர் மட்டும் முடிவாகவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவரை அந்தக் கவலையே கிடையாது. யாரோ எப்போதோ கதவில் அடித்து வைத்த பலகைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தோம். சொந்தமாக ஒன்றைத் தொடங்கும்போதுதான் அந்தப் பலகையை யார் யாரெல்லாம் படிக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டி வந்தது.

முதலில் போட்ட பட்டியல்

எங்கள் பட்டியல் ஆங்கிலத்தில்தான் தொடங்கியது. ப்ளூம், ஸ்பார்க், ரெயின்போ, விங்ஸ், ஹோப், லிட்டில் ஸ்டெப்ஸ். குழந்தைகளுக்கான எந்தத் தெரபி மையத்தைப் பார்த்தாலும் இவற்றில் ஒன்று இருக்கும். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் 44ஆம் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. மருத்துவம் சார்ந்த சேவைகளெல்லாம் அதில்தான் வரும். அங்கே இந்தச் சொற்களைப் போட்டால் பக்கம் பக்கமாக வந்தன. எழுத்து வேறாக இருந்தாலும் உச்சரிப்பு ஒத்துப்போகிறதா என்று தேடவும் அங்கே வழி உண்டு. 1999ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆவது பிரிவு, செய்யும் வேலையை விவரிப்பதைத் தவிர வேறெதுவும் இல்லாத பெயரைப் பதிவு செய்ய மறுக்கிறது. 'ஸ்பீச் தெரபி சென்டர்' என்பதை யாரும் தனக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 11ஆவது பிரிவு, ஏற்கெனவே பதிவான ஒன்றோடு குழப்பம் உண்டாக்கும் பெயரைத் தடுக்கிறது. தனி ஆளோ சிறு நிறுவனமோ இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். புதிதாகத் தொடங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், போர்டும் ரசீதுப் புத்தகமும் அடிப்பதற்கு முன்னாலேயே இந்தத் தேடலைச் செய்துவிடுங்கள்.

பட்டியலிலிருந்து முதலில் அடித்தது சத்தியம் பண்ணும் பெயர்களை. மிராக்கிள், க்யூர், 'வெற்றி' என்று தொடங்குபவை. இதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆட்டிசம் மருந்து கொடுத்து மாற்றுகிற நோய் அல்ல. திக்குவாயை இத்தனை நாளில் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. ஏற்கெனவே நாட்டு மருந்து, ஊசி, மந்திரித்த கயிறு என்று கையிலிருந்த காசைக் கரைத்துவிட்டு வரும் பெற்றோரிடம் பெயரிலேயே குணமாகிவிடும் என்று சொல்லும் இடத்தை நான் மன்னிக்க மாட்டேன். ஹோப் என்ற சொல்லைக்கூட அதனால்தான் விட்டோம். நம்பிக்கை அவர்களிடம் நிறையவே இருக்கிறது. அவர்களுக்கு இல்லாதது வாரம் மூன்று நாள் ஒழுங்காகச் சொல்லித்தர ஓர் ஆள்.

அப்பாவுக்குக் காந்திமதி அம்மன் பெயரை வைக்க ஆசை. நெல்லையில் பிறந்தவருக்கு அது தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் எங்களிடம் வரும் குழந்தைகளில், முஸ்லிம் குடும்பங்கள் அதிகமுள்ள மேலப்பாளையத்துப் பிள்ளைகள் நிறைய, பாளையங்கோட்டை சர்ச் தெருக்களிலிருந்தும் நிறைய. எல்லா வீட்டுப் பிள்ளையும் தயங்காமல் நுழைகிற வாசலாக இருக்கட்டும் என்று சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் சரி என்றார். தோழியின் மாமியார் நியூமராலஜி பார்க்கிறவர். அவர் சொன்ன கூட்டல் எந்தப் பெயருக்கும் ஒத்துவராமல், கடைசியில் திறக்கிற நாளை மட்டும் அவர் குறித்துக் கொடுத்தார்.

ஒரு மனிதரின் பெயரை வைக்கிற வழியும் இருக்கிறது. எங்கள் பகுதியில் அதற்கு மதிப்பான முன்னோடிகள் உண்டு. பாளையங்கோட்டையில் 1890களில் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையாரின் பெயர் இன்றும் அந்தப் பள்ளியில் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பெயரில் இருக்கும் 'அமர்', அவருக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரிலிருந்து வந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன ஒருவர், தன்னை மனிதனாக நடத்திய மருத்துவரின் பெயரைத் தன் ஊரில் நட்டு வைத்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு பெயருக்குக் காரணம் வேண்டுமா! ஆனால் அப்படியொரு பெயருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை நிற்க வேண்டும். எங்கள் சொந்தப் பெயர்களைப் போட்டுக்கொள்ள எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

ஓ.டி.க்குப் போங்க

அப்புறம் மிச்சமிருந்தது தொழிலின் பெயரையே போடுவது. நேர்மையான வழி அதுதான் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் தொழில்களின் பெயர்கள் ஜனங்கள் வாயில் இன்னும் அமரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் குழந்தைகள் நல மருத்துவர் ஒரு தாத்தாவிடம், "பேரனை ஓ.டி.க்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அவர் சொன்னது ஆக்குபேஷனல் தெரபி. தாத்தா புரிந்துகொண்டது ஆபரேஷன் தியேட்டர். பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். என் தோழி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கத்தி கிடையாது தாத்தா, ஊஞ்சல்தான், பட்டன் போடச் சொல்லித்தருவோம் என்று பேசிப் பேசி உள்ளே அழைத்துப்போனாள். இதைத் தமிழில் எழுதுவதிலும் ஒருமித்த வழக்கு இல்லை. ஓரிடத்தில் தொழில்வழிச் சிகிச்சை, இன்னோரிடத்தில் செயல்முறைச் சிகிச்சை. தொழில் என்றதும் வேலைக்குப் போகும் ஆளுக்கு என்று நினைக்கிறார்கள்.

பெயரோடு அதிகாரமும் சேர்ந்து வருகிறது. நான் 1992ஆம் வருடச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், ஆர்.சி.ஐ. என்கிறோமே அதில், பதிவு செய்தவள். என் தோழியின் தொழில் 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு சட்டம். 2025 செப்டம்பரில் பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் கடிதம் அனுப்பி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. எங்கள் துறை ஆட்களின் வாட்சப் குழுக்களில் அன்று வேறு பேச்சே இல்லை. மரியாதைக்கு ஏங்குகிற துறை இது, அந்த ஏக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு நாளும் பேசியதெல்லாம் எங்களை எப்படி அழைக்க வேண்டும் என்றுதான். எங்களிடம் வருகிறவர்களை எங்கள் போர்டு எப்படி அழைக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அந்தக் கேள்வி அப்போது எழவில்லை. ஓர் அம்மா வந்துதான் அதைக் கேட்க வைத்தார்.

பிரவுன் அட்டை போட்ட ஃபைல்

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. ஆஸ்பத்திரியில் என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் அம்மா, மகனுக்கு மூன்றரை வயது. வெளியூரிலிருந்து பஸ் மாறி வருவார். ஒருமுறைகூட நேரம் தவறியதில்லை. சொல்லிக்கொடுத்ததை வீட்டில் செய்துவிட்டு, எது முடிந்தது எது முடியவில்லை என்று குறித்துக்கொண்டு வருவார். இப்படிப்பட்ட பெற்றோர் கிடைப்பது எங்கள் வேலையில் பெரிய வரம். நான் தனியாகத் தொடங்கப் போவதாகச் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறோம், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு தாளை நீட்டினேன். அப்போது முன்னணியில் இருந்தது நீளமான பெயர். ஆட்டிசம், பேச்சுத் தாமதம், வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் வரிசையாக வந்து கடைசியில் 'சிகிச்சை மையம்' என்று முடியும். தேடுகிறவர்களுக்குச் சட்டென்று கிடைக்கும் என்று எழுதியது.

படித்துவிட்டு, "நல்லாருக்கு மேடம்" என்றார். தாளைத் திருப்பித் தரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதை நான் எங்க அத்தைகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் பைக்குள்ளிருந்து மகனின் ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஃபைல் அது. மேலே துறையின் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும், மறுவாழ்வு என்ற சொல்லும் அதில் வரும். அந்த அட்டையே கண்ணில் படவில்லை. பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவது போல் பிரவுன் அட்டை போட்டு, மூலைகளை மடித்து ஒட்டி, படம் போட்ட லேபிளில் பையன் பெயரை எழுதியிருந்தார். பாடம் என்ற இடத்தில் 'தமிழ்' என்று எழுதியிருந்தது. எத்தனையோ தடவை அந்த ஃபைலைக் கையில் வாங்கியிருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்கிறவர், கசங்காமல் இருக்க அட்டை போட்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

"எங்க போறன்னு கேப்பாவ. டியூஷன்னு சொல்லிட்டு வாரேன். நாத்தனாருக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்காவ. இப்ப இந்தப் பேரு வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, வர்ற சம்பந்தம் எதுக்குத் தட்டிப்போனாலும் என் பிள்ளை தலையிலதான் விழும். எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல மேடம். கல்யாணம் முடியட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி உங்க போர்டு சொல்லிடக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் இல்லை. மகனுக்கு என்ன என்பது அவருக்கு முழுக்கத் தெரியும், எங்களைவிட நன்றாகவே தெரியும். அவர் மூடி மறைப்பவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த வீட்டுக்குள் குடியிருக்கப் போவது அவரும் அந்தப் பிள்ளையும். எட்டடி நீள போர்டு ஒன்றை ரோட்டைப் பார்த்து மாட்டி, அவர் ஒவ்வொரு முறை அதற்குக் கீழே நுழையும்போதும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் அந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது? டாக்டர்கள் நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஃபைலை பீரோவில் பூட்டுகிறோம். அதே விவரத்தை வாசலில் விளக்குப் போட்டு எழுதி வைக்கிறோம்.

தோழி ஒத்துக்கொள்ளவில்லை

இதை என் தோழியிடம் சொன்னபோது அவள் உடனே தலையாட்டவில்லை. "மறைக்க மறைக்கத்தான் அது அசிங்கம் ஆகும். புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காரங்க பேரை மறைச்சாங்களா? நாமளே அந்த வார்த்தையைச் சொல்லப் பயந்தா வீட்டுல மாமியார் எப்படிச் சொல்லுவாங்க?" என்றாள். அவள் சொல்வதில் உண்மை இருந்தது. இருவரும் இதைப் பற்றிப் பல இரவுகள் போனில் பேசினோம். பேசப் பேச, எங்கள் துறையில் பெயர் மாற்றிக்கொண்டவர்களின் கதைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

பிரிட்டனில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காக 1950களின் தொடக்கத்தில் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கிய அமைப்பின் பெயர் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி. ஸ்பாஸ்டிக் என்றால் தசை இறுக்கம் உள்ளவர், அன்றைக்கு அது மருத்துவச் சொல். பின்னால் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டுகிற சொல்லாக அது மாறிப்போய், 1994இல் அமைப்பு தன் பெயரை ஸ்கோப் என்று மாற்றிக்கொண்டது. சென்னையில் 1985இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்ற பெயரோடு தொடங்கிய அமைப்புதான் பின்னாளில் வித்யா சாகர் ஆனது. செகந்திராபாத்தில் 1984இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனத்தின் பெயரில் 'மென்டலி ஹேண்டிகேப்டு' என்று இருந்தது. இன்று அதுவும் மாறி, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு அதிகாரமளிக்கும் நிறுவனம் என்ற பொருளில் வழங்குகிறது. நம் மாநிலத்தில் ஊனமுற்றோர் என்ற சொல் அரசுத் தாள்களிலிருந்து போய் மாற்றுத்திறனாளி வந்ததை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். இவர்கள் யாரும் வெட்கப்பட்டு மாற்றவில்லை. வாசலில் எழுதிய மருத்துவச் சொல் தெருவுக்குப் போய் வசவாகத் திரும்பி வந்ததைப் பார்த்து மாற்றினார்கள். என் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த ஊரில் ஒரு பஸ் நிறுத்தத்தை, அங்கிருந்த பள்ளியைக் குறிக்கும் மிக மோசமான ஒரு சொல்லைக் கத்தித்தான் கண்டக்டர் அறிவிப்பார். அங்கே படித்த பிள்ளைகளும் அந்தச் சொல்லுக்கு எழுந்துதான் இறங்கிப் போவார்கள்.

தோழி இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. "சரி, பேரில் வேண்டாம். ஆனா உள்ளே ஒரு வார்த்தையும் மெல்லப் பேசக் கூடாது. ஆட்டிசம்னா ஆட்டிசம்னு சொல்லணும்" என்று நிபந்தனை போட்டாள். அதை இன்றுவரை கடைப்பிடிக்கிறோம். அறைக்குள் நாங்கள் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை.

யார் வாயில் வர வேண்டும்

நோயின் பெயரும் இல்லை, தொழிலின் பெயரும் இல்லை, சாமி பெயரும் இல்லை என்றான பிறகு, யார் அந்தப் பெயரைச் சொல்லப் போகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தோம். என் வேலைக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். குழந்தைகள் வாயில் ப, ம, வ போன்ற உதட்டு ஒலிகள் சீக்கிரம் கூடிவரும். ர, ற, ழ எல்லாம் கடைசியில்தான் வரும். இரண்டு மெய் ஒட்டி வருவதும் சிரமம். 'ஸ்பார்க்' என்று சொல்லச் சொன்னால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் 'பாக்' என்பார்கள், 'ரெயின்போ' 'லெயின்போ' ஆகும். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பிள்ளை, தான் போகும் இடத்தின் பெயரையே சொல்ல முடியாமல் திணறுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஆச்சி வீட்டில் யாராவது "எங்கல போயிட்டு வார?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு அது ஒரு வெற்றி.

திக்குகிறவர்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. என்னிடம் வந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு 'ப' வந்தால் அடைத்துக்கொள்ளும். பஸ்ஸில் "பாளை பஸ் ஸ்டாண்டு" என்று கேட்க முடியாமல் "மார்க்கெட்" என்று டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி நடந்து வருவார். சிக்கும் சொல்லைத் தவிர்த்துச் சிக்காத சொல்லைப் போட்டுப் பேசுவதில் அவர்களுக்கு அபாரமான திறமை இருக்கும். ஆனால் பெயர்களுக்கு அப்படி மாற்று கிடையாது. அதனால்தான் பலருக்குத் தன் பெயரைச் சொல்வதே எல்லாவற்றையும்விடக் கடினம். எங்கள் பட்டியலை அவரிடமும் காட்டினேன். "எதை வச்சாலும் ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் சிக்கும் மேடம். சின்னதா வைங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார். பெயர் வைப்பது பற்றி எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதைவிட உபயோகமானது வேறில்லை.

பெரிய நிறுவனங்களின் பெயர்களை ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்றும் கவனித்தேன். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 2005இல் வந்த, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் முழுப் பெயரை என்னிடம் வரும் பெற்றோர் ஒருவர்கூடச் சொன்னதில்லை. "முட்டுக்காடு போயிட்டு வந்தோம்" என்பார்கள். 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குப் போனவர்கள் "மைசூர்ல காட்டினோம்" என்பார்கள். வேலூர் என்றால் சி.எம்.சி. எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஹைகிரவுண்ட் என்றுதான் பெயர். ஊர்ப் பெயரைச் சொன்னால் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள்.

எங்களுக்கும் பெயர் அப்படித்தான் வந்தது. போர்டு இல்லாமலேயே வேலையைத் தொடங்கிவிட்டிருந்தோம். வாடகை ஓடிக்கொண்டிருந்ததே. வாசலில் பெரிய வேப்பமரம் ஒன்று நிற்கிறது. வழி கேட்பவர்களுக்கு அதைத்தான் அடையாளம் சொல்வோம். கொஞ்ச நாளில் அம்மாக்கள் போனில் யாரிடமோ, "வேப்பமரத்து வீட்டுல இருக்கேன், முடிஞ்சதும் கூப்பிடுதேன்" என்று பேசுவது காதில் விழுந்தது. பிரவுன் அட்டை போட்ட அந்த அம்மாவும் ஒரு நாள் அப்படியே சொன்னார். போனில் மறுமுனையில் இருந்தது அவருடைய மாமியார். தோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மரத்தின் பெயரையே, அந்த மூன்றெழுத்தையே, எடுத்துக்கொண்டோம். முழுப் பெயரை இங்கே எழுதவில்லை, விளம்பரம் மாதிரி ஆகிவிடும். உதட்டில் தொடங்கி உதட்டில் முடிகிற பெயர், சின்னப் பெயர். மூன்று வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் குழறினாலும் சொல்லிவிடுகிறார்கள்.

ஐந்து, மூன்று, இரண்டு

போர்டு அடிக்கும் கடையில் அண்ணாச்சி முதலில் கேட்டது, "தமிழ் எவ்வளவு பெருசு?" தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில் வர வேண்டும். 1948ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் விதிகளில் 15ஆவது விதி அது. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, வேறு மொழி இருந்தால் இரண்டு என்பது அளவு. ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் எழுதிப் பார்த்தபோதெல்லாம் ஃ போடுவதா ப போடுவதா, ஸ் வேண்டுமா என்று தகராறு வந்தது. இதில் அந்தத் தொல்லையே இல்லை. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'குழந்தைகளுக்கான பேச்சு, செயல்திறன் பயிற்சி' என்று போட்டோம். கூகுள் மேப்பில் மட்டும் எல்லாச் சொற்களையும் போட்டிருக்கிறோம், ஆட்டிசம் உட்பட. வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் தேடுகிற அம்மாவுக்கு அது கிடைக்க வேண்டும்.

பெயருக்கு விலையும் கொடுக்கிறோம். வேப்ப எண்ணெய் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், சித்த வைத்தியசாலை என்று நினைத்துத் தோல் வியாதிக்கு மருந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லி அனுப்புவது பெரிய வேலை இல்லை. ஆனால் மேலப்பாளையத்திலிருந்து மகளைக் கூட்டிவரும் ஒரு வாப்பா கேட்டதை அப்படித் தாண்டிப் போக முடியவில்லை. "எங்க தெருவுல இன்னும் பேசாத பிள்ளைங்க இருக்கு. அதுங்க உம்மாமாருக்கு அதுக்கு ஒரு பேர் இருக்குன்னே தெரியாது. அவங்க கூகுள்ல என்னத்தைப் போட்டுத் தேடுவாங்க? உங்க போர்டைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போறாங்க. பார்த்தா தெரிய வேண்டாமா?" அவர் தன் மகளைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் பேசுகிறவர். பள்ளிவாசலிலும் பேசியிருக்கிறார். அவருக்கு எங்கள் பெயர் ஒரு சுவர். அந்த அம்மாவுக்கு அதே பெயர் ஒரு கதவு. இருவருமே தங்கள் பிள்ளைக்காகத்தான் பேசுகிறார்கள்.

அவர் கேட்டதற்காக போர்டின் கீழ்வரியை மாற்றினோம். நோயின் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்வியைப் போட்டோம்: 'பிள்ளை பேசத் தாமதமா? வந்து கேளுங்கள்.' அங்கன்வாடிகளில் கொடுக்க ஒரு துண்டறிக்கையும் அடித்திருக்கிறோம். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா, காத்திருக்காமல் காட்டுங்கள் என்று இருக்கும். அரசு மருத்துவமனையில் எங்கே காட்டலாம் என்பதும் அதில் உண்டு, எங்களிடம்தான் வர வேண்டும் என்றில்லை. ஆட்டிசம் என்ற சொல் அதில் இரண்டாவது வரியிலேயே வருகிறது. அந்த வாப்பா ஒரு கட்டு வாங்கிப் போயிருக்கிறார். போர்டிலும் அந்தச் சொல் வர வேண்டும் என்பதில் அவர் இன்னும் பிடிவாதமாகத்தான் இருக்கிறார், என் தோழியும் அவர் கட்சி. அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறோம். இந்த ஒரு வரியை அவர்களிடமே விடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களும் இருப்பார்கள் என்பதால், சீட்டில் எழுதிப் போடச் சொல்லப் போகிறோம்.